இன்னிக்குக் கடையில என்ன

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். முதல் பாதியை எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் இரண்டாம் பாதியை மட்டும் கேட்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் நலமா, உன் இருமல் விட்டதா. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மேல்வீட்டுக்காரர் ஒருவழியாகக் குழாயைச் சரிசெய்துவிட்டார், நம் குளியலறைச் சுவர் இப்போது ஒழுகுவதில்லை. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அழுதால் உன் அப்பா பக்கத்தில் வந்து நிற்பார், அவர் நிற்கிற இடத்தில் இப்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதில்லை. ஏன் என்று உனக்குப் பாதி தெரிந்திருக்கும். மீதியைப் படித்துத் தெரிந்துகொள்.

எங்கள் சலவைக் கடைக்கு ஒரு பாட்டுக்காரப் பெண் வருவாளே, உடம்பெல்லாம் மணி தைத்த கவுனைச் சலவைக்குப் போட்டுவிட்டு அது திரும்பக் கைக்கு வரும் வரை செத்துச் செத்துப் பிழைப்பாளே, அவள் கவுனில் போன மாதம் யாரோ சிவப்பு ஒயினைக் கொட்டிவிட்டார்கள். நானும் தையல் பார்க்கிற பட்டன் அக்காவும் மெனக்கெட்டுக் கறையை எடுத்துக் கொடுத்தோம். (வாயில் நாலு பட்டனை ஒதுக்கிக்கொண்டே பேசுவாளே, அந்த அக்காதான்.) சந்தோஷத்தில் அந்தப் பெண் இரண்டு டிக்கெட்டை நீட்டி, வியாழக்கிழமை நான் பாடறேன் வாங்க ஆன்ட்டி, எங்க தெருவைப் பாக்காம இந்த ஊர்ல என்னதான் இருக்கீங்க என்றாள். வியாழக்கிழமை உன் அப்பா கேரம் ஆடப் போகிற நாள். எனக்கும் வீட்டில் கொட்டு கொட்டு என்று உட்கார்ந்திருக்கிற வேலைதான், சரியென்று கிளம்பிவிட்டேன்.

அந்தத் தெருவை நீ பார்த்திருக்க மாட்டாய், நீ போன பிறகுதான் அப்படி மாறியது. முன்பு பழைய கிடங்குகள் இருந்த இடம், இப்போது சுவர் முழுக்கப் படம். ஒரு மூன்று மாடிச் சுவரில் ஒரே ஒரு காதை மட்டும் வரைந்து வைத்திருக்கிறார்கள், பட்டன் அக்கா அண்ணாந்து பார்த்து, இதுக்குத் தோடு வாங்கினா கட்டுப்படியாகுமா என்றாள். வாசலுக்கு ஒரு பாட்டு, எந்தப் பாட்டுக்கு நடப்பது என்று காலுக்கே குழப்பம். ஒரு கண்ணாடி அறைக்குள் நாற்காலியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, சுற்றிப் பத்துப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், விழுந்துவிடுமோ என்று பயந்தவள் நான் ஒருத்திதான். நடைபாதையில் ஒருவர் பெயிண்ட் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்ட, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் ஆடுகிறார்கள், எனக்கும் தோள் ஆடியது பாப்பா, பொய் சொல்வானேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து இதைப் பார்க்காமல் விட்டோமே என்று இருந்தது. அடுத்த தடவை அவரையும் இழுத்து வரணும் என்றேன். பட்டன் அக்கா சிரித்துவிட்டு, அந்த மனுஷனா, வாயில விரலை வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது, இங்க வந்து என்ன பண்ணப் போறார் என்றாள்.

அவள் பாடுகிற அரங்கில் பாட்டுக்கு முன்னால் சிலர் மேடையேறிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்களாம். தாழ்வான கூரை, மடக்கு நாற்காலி, எங்களுக்குத் தூண் ஓரம் இடம். முதலில் ஒரு பையன் வந்து தன் மொட்டைத் தலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனான். அடுத்து வந்தது உன் அப்பா. நான் அன்று காலையில் தேய்த்துக் கொடுத்த நீலச் சட்டை. கேரம் ஆடுகிறவருக்குக் கஞ்சி போட்ட சட்டை எதற்கு என்று இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை பார்.

முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன், வீட்டில் உம் என்றால் உண்டு, ம்ஹும் என்றால் இல்லை, அவ்வளவுதான் பேச்சு. அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பல்செட்டைக் கோட்டுப் பையிலேயே விட்டுவிட்டுப் பல் இல்லாத வாயோடு வந்து பல்லைக் கேட்டாரே அந்த வக்கீல், அவரைப் போலவே பேசுகிறார். அழுக்கே ஆகாத கோட்டை வாரா வாரம் சலவைக்குப் போடுகிறவரைச் சொல்கிறார். பட்டன் அக்கா மாதிரி வாயில் பட்டனோடு பேசிக் காட்டினார், பக்கத்தில் உட்கார்ந்து அவளே விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். எல்லாம் நான் சொன்னவை பாப்பா. நான் எங்கே நிறுத்துவேனோ அங்கே நிறுத்தினார், என் குரலிலேயே பேசினார்.

கதை போனால் போகட்டும், கதைக்கு என்ன பஞ்சம். ஒரு வருஷமாக உன் அப்பா தினமும் சாயங்காலம் என் எதிரில் உட்கார்ந்து, இன்னிக்குக் கடையில என்ன என்று கேட்பார். அதற்கு முன்னால் ஒருநாள் கேட்டவரில்லை. நான் பேச ஆரம்பித்தாலே டிவி சத்தத்தைக் கூட்டுவார், உனக்கே தெரியும். இப்போது டிவியை அணைத்துவிட்டுக் கேட்கிறாரே, அப்புறம் அப்புறம் என்கிறாரே, இந்த வயதில் என் புருஷன் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார் என்று நான் பூரித்துப் போயிருந்தேன். அவருக்குச் சொல்வதற்காகவே கடையில் நடப்பதையெல்லாம் கூர்ந்து பார்த்து வைத்துக்கொள்வேன், பஸ்ஸில் வரும்போதே மனதில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன். புதுப்பெண் மாதிரி வீட்டுக்கு வந்தேன் பாப்பா. அன்று அந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் புரிந்தது, அவர் கேட்டது என்னை இல்லை, அடுத்த வியாழக்கிழமைக்குச் சரக்கு.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. என் கர்ப்பப்பை ஆபரேஷனையும் சொன்னார். மயக்கம் தெளியும்போது நான் டாக்டர் கோட்டைப் பிடித்திழுத்து, காலர் அழுக்கா இருக்கு, கழட்டிக் குடுங்க, ரெண்டு நாள்ல வந்து வாங்கிக்கோங்க என்றேனாம், அதற்குக் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எல்லோரும் போனதும் நான் உன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டேன். உன்னிடம்கூடச் சொன்னதில்லை, இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது, நீயும் தெரிந்துகொள். இனிமே என்னை உங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்டேன். அதையும் சொன்னார். சபை கப்சிப் ஆகிவிட்டது. அப்போது இவர், அட பைத்தியமே, நீ பேசறதைக் கேக்கத்தானே நான் உசிரோட இருக்கேன்னு சொன்னேங்க என்றார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள், முன் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் அப்படிச் சொல்லவே இல்லை பாப்பா. அன்றைக்கு அவர் ஒன்றுமே சொல்லவில்லை. போர்வையை இழுத்து விட்டுவிட்டு, டீ வாங்கிட்டு வரேன் என்று போனார். இத்தனை வருஷம் அந்தப் பதிலுக்குக் காத்திருந்தவள் நான், அது கிடைத்தது டிக்கெட் வாங்கினவர்களுக்கு.

கடைசியில் உன்னை வேறு சொன்னார். இதையெல்லாம் மேடையில சொல்லுங்கப்பான்னு புடிச்சுத் தள்ளினதே கடல் தாண்டி இருக்கற என் பொண்ணுதான், பல்செட் கதையில முடிவை மாத்திக் குடுத்ததும் அவதான் என்றார். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், பல்செட் உள்பையில இருந்துதா வெளிப்பையில இருந்துதாம்மா என்று நீ இரண்டு முறை கேட்டாய். என் மகளுக்கு அம்மா பேச்சில் எத்தனை ஆசை என்று அன்றைக்கு மேல்வீட்டுக்காரியிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவராவது ஆண்பிள்ளை, நாற்பது வருஷமாக அப்படித்தான். நீ கூட இருந்தே குழி பறிப்பாய் என்று நான் நினைக்கவில்லை.

பாட்டைக் கேட்காமலே வந்துவிட்டேன். வெளிச்சம் கண்ணில் அடித்ததால் அவர் என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் எப்போதும் போல ஜெயிச்சீங்களா என்றேன், எப்போதும் போல ஏதோ என்றார். காலர் அழுக்கா இருக்கு, கழட்டிக் குடுங்க என்றேன். பட்டனில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு உட்கார்ந்து, முதல்ல கதைக்காகத்தான் கேட்டேன், போகப் போக நீ பேசறது நெஜமாவே புடிச்சுப் போச்சு என்றார். அந்தப் பதில் என்றேன். அன்னிக்கு வாய்ல வரல, அப்பறமா யோசிச்சு வெச்சது என்றார். யோசித்ததை என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கக் கூடாதா. அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் எது நிஜம் என்று இனி எனக்கு எப்படித் தெரியும், நீயே சொல்.

இப்போது வியாழக்கிழமை அவர் எங்கும் போவதில்லை. வீட்டில் டிவியும் ஓடுவதில்லை, நானும் பேசுவதில்லை, ஸ்பூன் விழுந்தால்கூட இரண்டு பேரும் திடுக்கிடுகிறோம். நேற்று தட்டைத் துடைத்துக்கொண்டே, தயங்கித் தயங்கி, இன்னிக்குக் கடையில என்ன என்று கேட்டார். ஒண்ணும் இல்ல என்றேன். ஆனால் நேற்று நடந்தது பாப்பா, நான் அந்தக் கவுன்டரில் நிற்க ஆரம்பித்ததிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை. பல்செட் எல்லாம் அதற்குக் கால் தூசி பெறாது. பட்டன் அக்கா அன்று லீவு, பார்த்தது நான் மட்டும்தான். ராத்திரி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நினைத்து நினைத்துச் சிரித்தேன், கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. உனக்கு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, இருமலுக்கு வெந்நீர்தான் மருந்து. மாப்பிள்ளையின் கம்பளிக் கோட்டைத் தயவுசெய்து மெஷினில் போடாதே, சுருங்கிப் பொம்மைக்குத்தான் ஆகும். இருவரும் நூறு வயது ஒற்றுமையாக இருக்க வேண்டும், மனம் கசந்திருந்தாலும் அந்த ஆசீர்வாதத்தில் குறை வைக்க மாட்டேன். லீவு கிடைத்தால் வா. வந்து என் எதிரில் உட்கார்ந்து, கேட்டதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நினைத்துக்கொண்டு, ஒரு தடவை கேள். சொல்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் உன்னிடம் பேச ஆசைப்படுகிற
அம்மா