நம்ம தூளு, உன் தூளு

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலை பஸ்ஸில் திட்டக்குடியிலிருந்து திரும்பினேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் இல்லாதபோது என் கான்கிரீட் கல் வார்க்கும் ஷெட்டையும் இவர்தான் பார்த்துக்கொண்டார், தன் பீங்கான் கப் யூனிட்டோடு சேர்த்து.

வந்ததும் வராததுமாக இடி. நல்லூர் சித்ரா டீச்சருக்கு வார்த்த கற்கள் அத்தனையும் மூலை உதிர்கின்றன. முடி மாதிரி விரிசல். நுரை கான்கிரீட் லேசுதான், அதற்காக இப்படியா? முன்பு வார்த்தவை உதிரவில்லையே.

டீச்சர் வீடு பழசு. மாடியில் செங்கல் சுவர் வைத்தால் தளம் தாங்காது என்று கொத்தனார் கைவிரித்துவிட்டார். என் கல்லை நம்பித்தான் அறை கட்ட இறங்கியிருக்கிறார்.

இவர்: "ஒடஞ்ச கப்ப அரைச்சுப் போட்டா கல்லும் ஒடையத்தான் செய்யும்."

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

வாங்க: கையுறை, சீயக்காய், கொசுவத்தி.

உடைந்த பீங்கானை மாவாக அரைத்து, சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்ப்பது என் யோசனை. ஊரெல்லாம் கொட்டிக் கிடக்கிற உடைசல். எத்தனை கலவை போட்டுப் பார்த்தேன். கல் கெட்டிப்பட்டது. அப்போதெல்லாம் இவர் வருகிறவர் போகிறவரிடம் "நம்ம தூளு" என்பார். இப்போது "உன் தூளு".

டீச்சரிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. "தூளுதாங்க கோளாறு. அடுத்த தடவ அது இல்லாம போட்டுத் தரோங்க." என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்படியில்தான் நிற்கிறேன். பற்றிக்கொண்டு வந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

வெயில், புழுதிக்காற்று. வார்ப்பு வேலைக்கு வரும் அஞ்சலையிடம் கேட்டேன், ஈரச்சாக்கெல்லாம் ஏன் மடித்தது மடித்தபடி கிடக்கிறது என்று.

"அண்ணந்தான்க்கா எடுக்கச் சொன்னாரு. ஈரம் போவட்டும், வெயில்ல அடுக்குன்னாரு. அக்கா தண்ணி ஊத்தச் சொன்னாங்களேன்னேன். எனக்குத் தெரியாததான்னுட்டாரு."

விஷயம் அதுதான். கப் செய்கிற புத்தி. சுடாத பச்சைக் கப்பில் ஈரம் இருந்தால் சூளையில் வெடித்துவிடும், அதனால் காயவைப்பார்கள். என் கல் சூளைக்கா போகிறது? சிமெண்ட் இறுகத் தண்ணீர் வேண்டும். பீங்கான் தூள் சேர்த்தால் இன்னும் நிதானமாகத்தான் இறுகும், கூடுதல் நாள் ஈரம் வேண்டும். ஊருக்குக் கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

கேட்டதற்கு: "நல்லதுன்னு நெனச்சுதான் செஞ்சேன்."

சரி, அதை டீச்சரிடம் சொல்லுங்கள் என்றேன்.

"சொன்னா யூனிட்டுக்குக் கெட்ட பேரு. வுடு."

என் தூளுக்குக் கெட்ட பெயர் வந்தால் பரவாயில்லையாம். அந்தத் தூளை யார் இனிமேல் நம்புவார்கள்?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

உதிர்ந்த கற்களை இடித்துப் பள்ளத்தில் கொட்டினோம். அதே தூள், அதே கலவை, புது வார்ப்பு. அச்சைக் கழற்றியதும் ஈரச்சாக்கு. தண்ணீர் நானே ஊற்றுகிறேன். அந்தப் பக்கமே வரவேண்டாம் என்று இவரிடம் சொல்லியாயிற்று. வீட்டில் பேச்சு: "சோறு இருக்கு." அவ்வளவுதான்.

தலைவலி. மோட்டார் வேறு இழுக்க மாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

சாயங்காலம் திடீர் மழை. இவர் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார். களத்தில் இருந்த பச்சைக் கப்புகளை மூடினார். இன்னொரு பாயோடு என் கற்கள் பக்கம் வந்தார். பிடுங்கி எறியத் தயாராக நின்றேன். தானே நின்றுவிட்டார். பாயைச் சுருட்டினார்.

அந்த நேரம் பார்த்து சித்ரா டீச்சர் ஸ்கூட்டியில், தொப்பலாக நனைந்து.

"என்னங்க, கப்ப மூடிட்டு என் கல்ல நனைய வுட்டிருக்கீங்க?"

"நனையணுங்க. போன தடவ நான்தான் வெயில்ல காயப்போட்டுக் கெடுத்தேன். நம்ம தூளு மேல ஒரு தப்பும் இல்லீங்க."

டீச்சர் சாக்கை விலக்கி ஒரு கல்லின் மூலையை நகத்தால் சுரண்டினார். உதிரவில்லை. "இதையே அனுப்புங்க" என்றார்.

மறுபடியும் "நம்ம தூளு" ஆகிவிட்டது. டீச்சரிடம் திறந்த வாய் என்னிடம் இன்னும் திறக்கவில்லை. ராத்திரி சோறு போட்டேன். ரசத்தைச் சூடு பண்ணவில்லை.