வயித்தால போவல

பிப்ரவரி 17, திங்கள்

ஆறாவது நாள். ஷைஸ்தாவுக்கு இன்றும் இல்லை.

எது இல்லை என்று எழுதக் கை கூசுகிறது. மூன்று வருடம் மைக்ரோபயாலஜி லேபில் அதையே கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தவள் நான். அங்கே அதற்கு இங்கிலீஷ் பெயர். அதனால் கூசவில்லை போல.

ஷைஸ்தா என் அக்கா மகள், ஐந்தரை வயது. சாயந்திரம் எங்கள் மளிகைக் கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில், முகம் சிவக்க. அத்தா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "முக்குறா பாரு, வந்துரும்" என்றார். வரவில்லை.

ஜனவரியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பவுடர் ஒன்று இருக்கிறது, தண்ணீரில் கலக்கிக் கொடுப்பது. பழக்கமாகிவிடும் என்று நான்காம் நாளே அக்கா நிறுத்திவிட்டாள். அவள் வீட்டுக்காரர், என் மச்சானுக்கு வில்லியனூரில் மெடிக்கல் ஷாப்பில் வேலை. "நீ கிருமி படிச்சவ. இந்த ப்ரோபயாட்டிக் பாக்கெட் இவளுக்குக் கேக்குமா, நீயே சொல்லு" என்றார். என் படிப்பைப் பற்றி இந்த வீட்டில் யாரும் கேட்ட முதல் கேள்வி. "கேக்கும் மச்சான்" என்றேன். நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பத்து நிமிடம் பேசினேன். நானா அவ்வளவு பேசினேன்?

பிப்ரவரி 27, வியாழன்

பத்து நாள், பத்து பாக்கெட். இந்த நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டுக் குறித்து வருகிறேன். பத்து நாளில் ஒரே ஒரு தடவை. கல் மாதிரி. அவள் கத்தியது கடை வரைக்கும் கேட்டது.

இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

மார்ச் 6, வியாழன்

திங்கட்கிழமையிலிருந்து ஜட்டியில் கறை. தண்ணியாக, நாளுக்கு மூன்று நான்கு தடவை. முதல் நாள் அம்மா, "பாத்தியா, தொறந்துக்கிச்சு" என்றாள். மறுநாள் அதே அம்மா, "ஐயோ, வயித்தால போவுதே" என்றாள்.

ஸ்கூலில் ரோசம்மாள் மிஸ் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "துணியிலயே போற பிள்ளைய ஒன்னாங்கிளாஸுக்கு எப்படிம்மா அனுப்பறது? இன்னொரு வருஷம் யூகேஜியிலயே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் அக்கா அவளை அடித்தாள். "வர்றது தெரியலயாடி உனக்கு?"

"தெரியலம்மா."

அடிதான் எல்லோர் காதிலும் விழுந்தது. அந்தப் பதில் எனக்கு மட்டும் விழுந்தது.

மார்ச் 8, சனி

நேற்று அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். "வயித்தால போவுது" என்று சொன்னாளாம். அங்கே அதைத்தான் சீட்டில் எழுதிக்கொண்டார்கள். வயிற்றுப்போக்கு மருந்து வந்திருக்கிறது. மச்சான் பாக்கெட்டை இரண்டு வேளையாக்கிவிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று நான் குளிப்பாட்டினேன். சோப்புப் போடும்போது அடிவயிற்றில் இடது பக்கம் கையில் தட்டியது. கெட்டியாக, உருண்டையாக.

வயித்தால போகிற பிள்ளைக்கு வயிற்றில் கல் எப்படி இருக்கும்?

கடைக்குப் பின்னால் போய்ச் சாக்கடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிளாஸ்டிக் பையும் சேறும் சேர்ந்து அடைத்துக் கிடக்கிறது. ஓரத்தில் மட்டும் தண்ணீர் கசிகிறது. கசிவதைப் பார்த்துவிட்டு, "ஓடுது, ஓடுது" என்கிறோம்.

நுனிக்காலில் நிற்கிறாளே, அது முக்குவது இல்லை. அடக்குகிறாள். ஒரு தடவை வலித்தது, அதனால் அடக்குகிறாள். அடக்கினால் இன்னும் கெட்டியாகும். இது தெரிய மூன்று வாரம் ஆனதா எனக்கு?

போனில் தேடிப் படித்தேன். நான் பேசுவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியது. பிள்ளைகளின் மலச்சிக்கலுக்கு ப்ரோபயாட்டிக் கேட்கும் என்று உறுதியாகச் சொல்ல இதுவரை நடந்த ஆய்வுகள் போதாதாம். எனக்கு அந்தக் கிருமிகளைப் பிடிக்கும். என் ப்ராஜெக்ட்டே அவைதான். அதற்காகப் பொய் சொல்ல முடியுமா?

மார்ச் 12, புதன்

நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். சொல்லிவிட்டேன். உள்ளே அடைத்திருக்கிறது, வெளியே வருவது கசிவு, அந்தப் பவுடரைத்தான் கொடுக்க வேண்டும், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அம்மா: "நோன்பு தொறக்கற நேரத்துல பீப்பேச்சாடி? கல்யாணம் ஆவாத பொண்ணு பேசற பேச்சா இது? கேக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

மச்சான்: "நீதான கேக்கும்னு சொன்ன? இப்ப மாத்திப் பேசற. இன்னாத்த படிச்ச நீ?"

"ஆமா. நான் சொன்னது தப்பு" என்றேன். கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

இன்னாத்த படிச்சேனா? தப்பா வந்தா தப்பா வந்துச்சுன்னு எழுதணும்னு படிச்சேன். போதுமா?

பீ. பீ. பீ. எழுதிட்டேன். இன்னா ஆயிடுச்சி இப்ப?

மார்ச் 13, வியாழன்

அக்காவிடம் கேட்கவில்லை. சொன்னேன்: "நான் இவளக் கூட்டிம்போறேன்." பஸ் கிளம்பும்போது அக்கா ஓடி வந்து ஏறினாள். காலில் அம்மாவின் செருப்பு.

ஓபியில் அவ்வளவு கூட்டம். இன்று வேறு டாக்டர், என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருப்பார். என்ன பிரச்சனை என்று கேட்டதும் அக்கா ஆரம்பித்தாள், "வயித்தால—"

"வயித்தால போவல!"

என் குரல்தான். வரிசையே திரும்பிப் பார்த்தது. காது சுட்டது. நிறுத்தியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நிறுத்தவில்லை. "கசியுது டாக்டர். உள்ள அடைச்சிருக்கு. வர்றதே அவளுக்குத் தெரியல. தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன்."

நோட்டின் பின்பக்கத்தை நீட்டினேன். முன்பக்கம் திருப்பிவிடுவாரோ என்று உயிரே போனது. திருப்பவில்லை. ஷைஸ்தாவைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். "இதுதாம்மா. தெரியுதா?"

அக்கா கையை எடுக்கவே இல்லை. அழுதாள். "இதுக்காடி அடிச்சேன் உன்ன?"

அதே பவுடர். முதலில் உள்ளே இருப்பதை வெளியேற்ற அதிகமாக, பிறகு தினமும், மாதக்கணக்கில். சாப்பிட்டதும் காலுக்கு முக்காலி வைத்து உட்காரவைக்க வேண்டும். திட்டக்கூடாது. "பழக்கமாவாது. பாதியில நிறுத்தினாதான் கஷ்டம்" என்றார்.

பாக்கெட்டைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். "இவ்ளோ பெரிய கல்லத் தள்ளச் சொன்னா அது பாவம், என்ன பண்ணும்?"

மார்ச் 16, ஞாயிறு

வந்தது. வந்துகொண்டே இருந்தது. வீடே நாறியது, மச்சான் மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். எனக்கு மணத்தது.

ஏப்ரல் 3, வியாழன்

பெருநாள் பாவாடையில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

தலை வாரும்போது கேட்டேன், முதல் தடவை ஏன் அடக்கினாய் என்று. "ஸ்கூல் பாத்ரூம்ல தாப்பா இல்ல சின்னம்மா. மணிபாரதி கதவத் தள்ளிட்டு சிரிச்சான்."

இவ்வளவுதானா? இவ்வளவும் அதற்காகவா?

ஏப்ரல் 7, திங்கள்

ஸ்கூலுக்குப் போகிறேன் என்று காலையில் கடையில் சொன்னேன். அத்தா எதிரே இருக்கிற இரும்புக் கடைக்குப் போய்விட்டு வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். தாழ்ப்பாள், நாலு ஸ்க்ரூ. "பெரியவங்களுக்கு எட்டற ஒசரத்துல போட்டுடாத" என்றார்.

ரோசம்மாள் மிஸ், "எழுதிக் குடுத்திருக்கோம்மா, ஆள் வரும்" என்றார்.

"ஆள் வந்துட்டேன் மிஸ்."

ஷைஸ்தாவின் தோள் உயரத்தில் போட்டேன். ஒரு ஸ்க்ரூ கோணல். மிஸ் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "டிகிரி முடிச்சிட்டு கக்கூஸ் கதவுக்கு ஸ்க்ரூ போடற மொத ஆளு நீதான். சரி, ஒன்னாங்கிளாஸ் ஜூன்ல பாக்கலாம்."

பார்க்கலாம்.

ஏப்ரல் 24, வியாழன்

அம்மா மூன்று நாளாகப் பவுடரைக் கலக்கவில்லை. "அதான் சரியாயிடுச்சே." மறுபடி கறை. டப்பாவை எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என்னிடம். இனிமேல் நான்தான் கலக்குவேன். திட்டட்டும்.

ஜூன் 19, வியாழன்

ஒன்றாம் வகுப்பு ஆரம்பித்து இரண்டு வாரம். பவுடர் நிற்கவில்லை, இன்னும் சில மாதம் போகும்.

காலையில் வழக்கம்போல முக்காலியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கதவருகில் திரும்பி, முக்காலியைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ வெளிய நில்லு."

தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளிருந்து குரல்: "சின்னம்மா! நோட்ல எழுதாத!"

பின்பக்கத்தில் இன்றைய தேதிக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.