தூளி வண்டிக்குப் போட்ட லாரிப் பட்டை

என்னைத் தோளில் தூக்கித் திரிந்த அண்ணாவுக்கு,

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. உங்கள் மகள் சரசுக்குப் பையன் பிறந்திருக்கிறான். உங்கள் காது, உங்கள் பிடிவாதம். இந்த நல்ல சேதியோடு நிறுத்திக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் பிள்ளை வீடு வந்து சேர்ந்த கதையைச் சொல்லாமல் உங்கள் படத்துக்கு முன்னால் நிற்க முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது அண்ணா.

உங்கள் கறுப்புக் காரை நம் பக்கத்தில் யார் பிளசர் கார் என்று சொன்னார்கள்? தூளி வண்டி என்றுதான் பெயர். ஜேடர்பாளையத்தைச் சுற்றி, சேலம் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்கள் எல்லாம் அதில்தான் வீடு திரும்பினார்கள். பள்ளம் வந்தால் மூக்கு மெல்லத் தணியும், மெல்ல எழும். "ஏனுங்ணா, இது காருங்களா, கும்புடு போடற கோயில் மாடுங்களா?" என்று நான் கேலி செய்வேன். "உள்ள பிள்ள தூங்குதில்ல, அது போதும் சாமி" என்பீர்கள். நாமக்கல் லாரிக்காரன் எனக்கு அதெல்லாம் உறைக்குமா?

போன மாதம், குலுக்கலைத் தாங்குகிற முன்பக்கக் கமான் பட்டை முறிந்தது. அந்தச் சீமைக் காருக்கு இனி எங்கே பட்டை கிடைக்கும்? அதே மெல்லிசில் அடித்துத் தருகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றார் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்காரர். பொறுமையா, எனக்கா? சரசுவைக் கூட்டிவரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முறிந்த இடத்தில் கட்டை கொடுத்துக் கட்டி நாமக்கல்லுக்கு ஓட்டிப் போனேன். லாரிப் பட்டையை அளவுக்கு வெட்டி, முன்னால் இரண்டு பக்கமும் மாட்டச் சொன்னேன். எங்களுக்குப் பட்டை என்றால் தடியாக இருக்க வேண்டும், எத்தனை மூட்டை ஏற்றினாலும் அசையக் கூடாது. காரில் மூட்டை ஏறாது, பச்சை உடம்புக்காரிதான் ஏறப்போகிறாள் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

மாட்டி முடித்ததும் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. "இனி ஆனை ஏறுனாலும் அசையாதுங்க" என்றான் என் கூட்டாளி. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு சேலம் கிளம்பினேன்.

சரசுக்கு ஆபரேஷன் பண்ணித்தான் பிள்ளையை எடுத்தார்கள். அவளும், பேரனை மடியில் வைத்துக்கொண்டு அண்ணியும் பின்சீட்டில் இருந்தார்கள். தார் ரோடு வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. மண் ரோட்டில் இறங்கியதும் ஒவ்வொரு குழிக்கும் கார் எகிறி எகிறி விழுந்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, எப்பிடி வெறைப்பா நிக்குது!" என்றேன். பின்னால் பிள்ளை அழுததைத் தவிர வேறு பேச்சே இல்லை. மெச்சிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன், பாவி.

"நிறுத்துங்க தம்பி! எம்புள்ள செத்துருவா!"

அண்ணி என்னிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்த்தேன். சரசு முந்தானையைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா மனம் நோகக் கூடாது என்று அத்தனை தூரம் வாயைத் திறக்காமல் வந்திருக்கிறாள். பிள்ளை அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தான்.

அந்நேரம் வைக்கோல் ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டு வண்டி வந்தது. சரசு அதைப் பார்த்தாள். "கோவிச்சுக்காதீங்க சித்தப்பா. நா அந்த வண்டியில வாரேனுங்க" என்றாள்.

வண்டிக்காரப் பெரியவர் வைக்கோலைத் தணித்து இடம் பண்ணி, சரசுவையும் பிள்ளையோடு அண்ணியையும் ஏற்றிக்கொண்டார். பிறகு காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஏனுங்க, இது தூளி வண்டிதானுங்களே? எம்பேரன் இதுலதான் தூங்கிக்கிட்டே ஊடு வந்தானுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா அண்ணா? "இல்லீங்க. இது வேற காருங்க" என்றேன்.

வைக்கோல் மேல் படுத்திருந்த உங்கள் மகள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். வண்டியை முந்திப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. ஊர் வரைக்கும் மாட்டு வண்டிக்குப் பின்னால் காலிக் காரை உருட்டிக்கொண்டே வந்தேன். "என்ன லாரிக்காரரே, வைக்கப்போருக்குக் காவலுங்களா?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். பிள்ளை வைக்கோலில் நன்றாகத் தூங்கினான். அந்தச் சிரிப்பெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. உங்கள் காரை உங்கள் மகள் காதுபட வேறு கார் என்று சொன்னேனே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? வைதிருந்தால்கூடத் தேவலை.

லாரிப் பட்டையைக் கழற்றி எறிந்தாயிற்று. கார் வாசலில் கட்டை மேல் நிற்கிறது. முறிந்த பழைய பட்டையைச் செவ்வாய்ப்பேட்டையில் மாதிரிக்குக் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். நேற்று சரசு பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து, "சித்தப்பா, அப்பா கார் எப்பங்க ஓடும்?" என்று கேட்டாள். அப்பா கார் என்றாள் அண்ணா. என்னால் தலை நிமிர முடியவில்லை.

பங்குனியில் அவள் புருசன் வீட்டுக்குப் போக வேண்டும். உங்கள் காரில்தான் போவாள். அதற்கு முன்னால் கூட்டாளியை ஓட்டச் சொல்லிவிட்டு, சொம்பு நிறையப் பாலை ஏந்திக்கொண்டு பின்சீட்டில் நான் உட்கார்ந்து அதே மண் ரோட்டில் வருவேன். பால் தளும்பினால் திரும்பப் பட்டறைக்கு.

அந்தப் பெரியவரின் ஊரை விசாரித்து வைத்திருக்கிறேன். சரசுவும் பேரனும் உள்ளே இருக்கும்போதே அவர் வாசலில் காரை நிறுத்தி, இறங்கிப் போய்ச் சொல்வேன். "அன்னிக்கிப் பொய் சொல்லிட்டனுங்க. இது எங்கண்ணன் காருங்க."

இப்படிக்கு,
தூளி வண்டிக்காரரின் கூடப்பிறந்த தம்பி,
முத்துசாமி