உன் கதிரையில் ஓர் ஊமையை இருத்தினார்கள்

பாக்கியக்கா, நான் வாய்விட்டுக் கூப்பிட்ட ஒரே அக்காவே,

உன் ஊன்றுகோலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசியிருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் தையல் நிலையத்துக்குள் போனதும் நான் முதலில் கண்டது அதைத்தான். நீ இருந்த காலத்தில் அது காய்ந்து வெடித்து உன் கக்கத்தைக் கிழித்தது. அதன் தலையில் பழந்துணி சுற்றி வைத்திருந்தாய். இப்போது அந்தத் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, பளபளவென்று துடைத்து, உன் கை மெசினோடு சாய்த்து வைத்திருந்தார்கள். உன் உயரத்துக்கு வெட்டிய கோல். நீயே இல்லாதபோது அதற்கு இங்கே என்ன வேலை?

உன் செத்தவீட்டுக்கு வந்த ரீச்சர், திரும்பும்போது அதைக் கையோடு கொண்டுபோனது உனக்குத் தெரியாது. எங்கள் சங்கத்தின் தலைவி அவர். பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனையோ வருஷம், ஆனால் 'ரீச்சர்' என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். "சங்கத்தின்ர சாமான். இஞ்ச கிடந்தால் கறையான் திண்டுபோடும்" என்றார். உன் அம்மா அழுகையை நிறுத்திவிட்டு எழும்பிப் போய் எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கி, மண் ஒட்டியிருக்கிறதா என்று நுனியைத் திருப்பிப் பார்த்தார் ரீச்சர். அதன் பிறகுதான் மறுபடி முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார்.

எங்கள் நிலையத்தின் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். 'பழைய உடைக்குப் புதுவாழ்வு, நலிந்தோருக்கு நல்வாழ்வு.' நலிந்தோர் என்றால் நாங்கள்தான். கலவரத்துக்குப் பயந்து மலைநாட்டிலிருந்து லொறியில் வந்து எங்கள் வாய்க்கால் கரையில் குடிசை போட்ட உன் ஆட்கள். கால் சூம்பிய நீ. புருஷனைப் பறிகொடுத்த இரண்டு பேர். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காமலே நின்று, ஏழாம் வகுப்போடு வீட்டுக்கு வந்த நான். பழைய உடையைப் பற்றிய பாதியாவது உண்மை என்று வைத்துக்கொள்வோம்.

வேலை நல்ல வேலைதான். அதை நான் இழிவாகச் சொல்ல மாட்டேன். கழுத்துப்பட்டி நைந்த ஆண்கள் சேட்டு ஒன்றை நீ பிரித்து, பட்டியை மறுபக்கம் திருப்பித் தைத்தால் இன்னும் மூன்று வருஷம் வயலில் நிற்கும். தைக்க முடியாததைக் கிழித்துக் கால்மிதி பின்னுவோம். அதற்கும் ஆகாதது தலையணைக்குள் போகும். ஒன்றையும் எறிந்ததில்லை நாங்கள். அதன்மேல் பலகை அடித்துக்கொண்டு நின்றவர்களைத்தான் எனக்குக் கண்ணிலும் காட்டக் கூடாது.

பழைய உடைகளை மூட்டை கட்டி அனுப்பியவர்களையும்தான். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எவ்வளவு பெரிய மனது படைத்தவர்கள் இருக்கிறார்கள் என்று மூட்டையை அவிழ்த்தால்தான் தெரியும். ஒரு சேட்டிலும் ஒரு தெறி, ஒரு பொத்தான் இருக்காது. கொடுக்கும் முன் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். சேட்டைத் தானம் செய்வார்களாம், தெறியைத் தானம் செய்ய மாட்டார்களாம். ஒரு காற்சட்டையில் சிப்பையும் உருவியிருந்தார்கள். நீ அதை இடுப்பில் பிடித்துக் காட்டினாய்.

"இத போட்டுக்கிட்டு நம்ம ஆளுங்க ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டே வயல்ல நிப்பாங்க புள்ள. அப்புறம் மம்பட்டிய யாரு புடிக்கிறது? சோம்பேறிப் பயலுகன்னு சொல்ல வசதியா இருக்கும்ல!"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வயிறு நொந்தது. வீட்டில்கூட அப்படிச் சிரித்ததில்லை. முதலில் உன்னை 'நீங்கள்' என்றுதான் சொன்னேன், ஞாபகமா? "என்னா புள்ள, நான் என்ன கெழவியா?" என்று நீதான் அதை மாற்றினாய். நீ கதிரையில், நான் உன் காலடியில் பாயில். இரண்டு பேருக்கும் சேர்த்து நீயே கதைத்தாய். எனக்கு அது போதுமாக இருந்தது.

பத்து மணித் தேத்தண்ணீர் எங்களுக்குக் கண்ணாடிக் கிளாசில் வரும், உனக்கும் கிணற்றடியில் துணி தோய்க்கிற உன் அம்மாவுக்கும் தகரப் பேணியில். நலிந்தோருக்குள்ளும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஆட்கள் கொஞ்சம் உயர்ந்த நலிந்தோர் போலும். நீ பேணியைத் தூக்கிக் காட்டி, "ஒங்க கிளாசு விழுந்தா ஒடஞ்சிடும். என்னோடது விழுந்தா சத்தம்தான் வரும்" என்பாய். அதைக் கேட்டு ரீச்சரும் சிரிப்பார். தன்னைச் சொன்னாய் என்று அவருக்கு ஒருநாளும் விளங்கவில்லை.

உனக்குக் காய்ச்சல் ஏறிக் குளிர் உலுக்கிய அன்று, சங்கத்து வான் வண்டியைக் கேட்டு உன் அம்மா ரீச்சர் வீட்டுப் படலையில் நின்றார். வான் மூட்டை ஏற்றப் போக வேண்டுமாம். உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி அதில்தான் உன்னைக் கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாயில் சுற்றித்தான் நீ திரும்பி வந்தாய். உன்னை ஏற்ற வராத அந்த வான் ஏற்றி வந்த மூட்டைகளில் என்ன இருந்தது தெரியுமா? கம்பளிச் சட்டைகள். குளிர்தேசத்தில் போடுகிற தடித்த கம்பளிச் சட்டைகள், வன்னி வெயிலுக்கு.

உன் கருமாதி முடிந்த மறுநாள் உன் அம்மா நிலையத்து வாசலில் வந்து நின்றார். உனக்குத் தெரியும், கதிரையில் இருந்து மெசின் தைக்கிறவர்களுக்குத்தான் சம்பளம். கிணற்றடியில் நின்று மூட்டை மூட்டையாகத் துணி தோய்க்கிற அவருக்கு அரிசியும் பருப்பும் மட்டும்தான். இனி உன் சம்பளமும் இல்லை.

"எம் புள்ள இருந்த எடத்துல என்னைய வுடுங்கம்மா. மெசின் ஓட்ட அவ எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கா."

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ராமாயி, அது ஊனமுற்ற ஆக்களுக்கெண்டு ஒதுக்கின இடம். உனக்கு என்ன குறை? கையும் காலும் கல்லு மாதிரி இருக்கு. கடவுளுக்கு நன்றி சொல்லு."

"அப்ப கால ஒடச்சுக்கிட்டு வரவாங்க?"

உன் நாக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அக்கா.

"வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை உங்கட ஆக்களுக்கு" என்றார் ரீச்சர். உன் அம்மா கிணற்றடிக்கே திரும்பிப் போனார். உன் கதிரை வெறுமையாகக் கிடந்தது.

அப்படியே கிடந்திருக்கும். ஆனால் உதவி கொடுக்கிற வெள்ளைக்காரர் பார்க்க வருவதாகத் தகவல் வந்துவிட்டது. ஊனமுற்றோருக்கு வேலை கொடுக்கிறோம் என்றுதான் அவர்களுக்கு எழுதியிருந்தார்கள். உள்ளே பார்த்தால் ஊனமுற்றவர் ஒருவரும் இல்லை. சமையலுக்கு உப்பு முடிந்ததுபோல ரீச்சர் பதைத்தார். அதற்காகத்தான் அந்தத் திங்கட்கிழமை உன் கோலுக்கு எண்ணெய்.

"கமலா, இஞ்ச வா. இதைக் கக்கத்துக்குள்ள வைச்சு நாலடி நட பாப்பம்."

நடந்தேன். சங்கத்துக் காரியதரிசி ஐயா வயிறு குலுங்கச் சிரித்தார். "ரீச்சர், இது கோலாட்டம் ஆடுற மாதிரியெல்லோ கிடக்கு! வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சிடுவான்."

"சரி, கோலை வையடி பிள்ளை" என்றார் ரீச்சர். என்னை மேலும் கீழும் பார்த்தார், மூட்டையிலிருந்து எடுத்த துணியை எதற்கு உதவும் என்று பார்ப்பதுபோல. "இவள் எப்பிடியும் வாய் திறக்கிறேல்லை. ஊமை எண்டு சொல்லுவம். அதில ஒரு பொய்யும் இல்லை."

"அருமையான யோசனை" என்றார் காரியதரிசி.

"பயப்பிடாதை பிள்ளை. நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை, வழமை மாதிரிச் சும்மா இருந்தால் சரி. அவை உதவி தந்தால் இன்னும் ரெண்டு மெசின் வரும். இந்தக் கதிரையும் சம்பளமும் உனக்குத்தான்."

நான் தலையாட்டினேனா? எனக்கே தெரியவில்லை. ஆட்டாவிட்டாலும் ஆட்டினேன் என்றுதான் எடுத்திருப்பார்கள். வாய் திறக்காதவர்களின் தலை எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும் என்று இவர்களுக்கு நினைப்பு.

வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குச் சந்தோஷம். "ஒருநாள் ஊமையா இருந்தால் என்ன, குறைஞ்சா போவாய்? வீட்டில மட்டும் என்ன பாட்டே படிக்கிறாய்?" என்றார். சோற்றில் கூடுதலாக ஒரு துண்டுக் கருவாடு வைத்தார். ஊமைக்குச் சம்பளம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

வெள்ளைக்காரி உயரமானவள், முகம் வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது. கூட வந்தவரின் கழுத்தில் கமரா. ரீச்சர் முதலில் உன் கோலைத் தொட்டுக் காட்டி, லேஞ்சியால் கண்ணை ஒற்றிக்கொண்டு இங்கிலீசில் ஏதோ சொன்னார். உன்னைப் பற்றித்தான். 'பாக்கியலட்சுமி' என்றார். உனக்கே தெரியாத பெயர். வானைப் பற்றியும் சொல்லியிருப்பாரா? அதற்கு இங்கிலீசில் சொல் இல்லாமலா போய்விடும்?

பிறகு என்னிடம் வந்தார்கள். ரீச்சர் தன் வாயைத் தொட்டு, இல்லை என்று கையை அசைத்தார். வெள்ளைக்காரி என் தலையைத் தடவினாள், கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல. அவள் கை நல்ல கை, அவள்மேல் எனக்குக் கோபமில்லை. நான் மெசின் பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். வெளியே கல்லில் துணி விழுகிற சத்தம் கேட்டது. உன் அம்மா ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் என் கழுத்து குனிந்தது. பிடியை விட்டேன்.

"எனக்குக் கதைக்கத் தெரியும்" என்றேன். குரல் கரகரத்தது. "இது பாக்கியக்கான்ர இடம். அவவின்ர அம்மா கிணத்தடியில நிக்கிறா. அவவுக்குக் குடுங்கோ."

ரீச்சரின் முகம் கறுத்தது. அது ஒரு கணம்தான். இரண்டு கையையும் மேலே தூக்கி, இங்கிலீசில் படபடவென்று பொழிந்தார். வெள்ளைக்காரியின் கண் விரிந்து நீர் கோத்துக்கொண்டது. ரீச்சர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? கை தட்டுங்கோ! இஞ்ச வந்து வேலை செய்துதான் பிள்ளைக்கு வாய் திறந்தது எண்டு சொல்லியிருக்கிறன்!"

தட்டினார்கள், அக்கா. எல்லாரும் தட்டினார்கள். காரியதரிசிதான் பலமாக. வெள்ளைக்காரி என்னைக் கட்டிப்பிடித்தாள். கமரா வெளிச்சம் கண்ணில் அடித்தது. என் வாழ்க்கையில் நாலுபேர் முன்னால் நான் பேசிய முதல் பேச்சு அது. அதையும் தங்கள் கணக்கில் போட்டுக்கொண்டார்கள். சேட்டில் தெறியையே விட்டுவைக்காதவர்கள் இதையா விடுவார்கள்? நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எவ்வளவு யோசித்தும் எனக்கு வரவில்லை.

வெள்ளைக்காரியின் கையை மெல்ல விலக்கிவிட்டு வெளியே போனேன். உன் அம்மா ஈரத் துணியோடு நிமிர்ந்தார்.

"என்னா புள்ள, உள்ள கை தட்டுறாங்க? கல்யாணமா?"

"மாமி, கையைத் துடைச்சுக்கொண்டு உள்ள போங்கோ. மெசினுக்கு முன்னால இருந்து தையுங்கோ. ஆர் சொன்னாலும் எழும்பாதேங்கோ."

"அந்தம்மா ஏசுவாங்க புள்ள."

"வெள்ளைக்காரி நிக்கேக்க ஏசமாட்டா. கெதியாப் போங்கோ."

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, படியேறி உள்ளே போனார். மெசின் ஓடத் தொடங்கும்வரை காத்து நின்றேன்.

அந்தக் கதிரையில் இனி ஒருநாளும் நான் இருக்க மாட்டேன், அக்கா. உன்மேல் ஆணை.

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவர் பாதியில் விட்ட துணியை எடுத்துக் கல்லில் அடித்தேன்.

உன் காலடியில் பாயில் இருந்த தங்கச்சி,
கமலா