கேத்திலின் அடியில் வெள்ளை

14.5.1984, திங்கள்

கலியாணம் முடித்துக் கொக்குவிலுக்கு வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. தலைமயிர் தும்பாகிவிட்டது. கொழும்பில் ஒரு துண்டுச் சவுக்காரம் போதும், தலைமுதல் கால்வரை நுரைக்கும். இங்கே பைப்புக்குக் கீழே நின்று தேய் தேய் என்று தேய்த்தாலும் நுரை இல்லை, ஒரு பிசுபிசுப்புத்தான். வெள்ளைச் சேலை எல்லாம் பழுப்பேறிப் போயிற்று.

இன்றைக்குக் கரண்ட் கேத்திலின் உள்ளே பார்த்தேன். கலியாணத்துக்கு அம்மா வாங்கித் தந்தது. அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. சுரண்டினால் மாவாக வருகிறது. கொழும்பில் அம்மாவின் பழைய கேத்திலில் ஒருநாளும் இப்படிக் கண்டதில்லை.

யார் என்ன போட்டது?

இந்த வீட்டில் மூன்று பேர்தான். நான், இவர், இவருடைய அக்கா சிவக்கொழுந்து மச்சாள். இது மச்சாளுக்கு என்று எழுதிய சீதன வீடு. மாப்பிள்ளை மட்டும் வரவில்லை.

17.5.1984, வியாழன்

பக்கத்து வீட்டுப் பத்மாவதியக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, முகம் வாடிக் கிடக்கு?" என்றார். முழுகாமல் இருக்கிறேன், இரண்டு மாதம் என்று சொன்னேன். உடனே குரல் இறங்கியது. "கவனம். சிவக்கொழுந்து தம்பியைக் கைக்குள்ளை வச்சு வளர்த்தவள். இடுமருந்து தெரிஞ்ச ஆக்களோடை அவளுக்குப் பழக்கமெண்டு சனம் கதைக்குது. நான் சொன்னனெண்டு சொல்லிப்போடாதை."

இடுமருந்து — சோற்றிலோ தேத்தண்ணியிலோ கலந்து ஆளைக் கைக்குள் போடுவது. வயிற்றில் உள்ளதைக் கலைக்கவும் கொடுப்பார்களாம். படித்தவள் இதையெல்லாம் நம்பலாமா? நம்பவில்லை. ஆனால் நித்திரையும் வரவில்லை.

26.5.1984, சனி

வெள்ளை கூடியிருக்கிறது. கரண்டியால் சுரண்டியும் முழுதாகப் போகவில்லை.

2.6.1984, சனி

மத்தியான நித்திரையால் எழும்பி வந்தால் கேத்தில் வைத்த இடத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி இருக்கிறது. மணந்து பார்த்தேன். புளித்த மணம். கேத்தில் மூக்கினுள்ளே மண்ணிறத்தில் ஒரு தும்பு ஒட்டியிருந்தது. அடியில் இருந்த வெள்ளையும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. எங்கே போனது? கரைந்து எங்கள் வயிற்றுக்குள்ளா?

வந்த முதல் கிழமையே, "இது அம்மா தந்தது, ஒருத்தரும் தொடக்கூடாது" என்று சொல்லியிருந்தேன். பிறகு மச்சாள் ஏன் தொட்டாள்?

இனி எனக்குத் தேத்தண்ணி வேண்டாம்.

3.6.1984

மச்சாள் கேட்டாள், "ஏன் பிள்ளை தேத்தண்ணி குடிக்கிறேல்லை? பால் காய்ச்சித் தரட்டே?" அக்கறையைப் பார். பாலிலும் போடலாம்தானே.

6.6.1984, புதன்

கேத்திலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி நானே பைப்பில் தண்ணீர் பிடிப்பேன், நானே கொதிக்க வைப்பேன், நானே பூட்டுவேன். திறப்பு என் இடுப்பில். இவர் சிரித்தார். "என்ன, நகையே உள்ளுக்கை கிடக்கு?"

14.6.1984, வியாழன்

பூட்டித்தான் வைத்திருந்தேன். திரும்பவும் வெள்ளை.

மச்சாள் கை அதில் படவேயில்லை. அப்போ ஆர்?

குளிக்கப் போகும்போது திறப்பைக் கழற்றி மேசையில் வைப்பேன். அந்த நேரம் அறையில் இருப்பது இவர்தான். இவரோ? இவர் ஏன்? அக்கா சொன்னால் கிணத்திலும் குதிக்கிற ஆள். எங்களுக்குப் பிள்ளை வேண்டாம் எண்டு அக்கா சொல்லியிருந்தால்? — என்ன எழுதுறன் நான்.

15.6.1984

இவர் போட்டுத் தந்த கோப்பியை ஜன்னலால் ஊற்றினேன்.

19.6.1984, செவ்வாய்

கிளினிக்குக்குப் போகும் அவசரத்தில் அலுமாரியைப் பூட்ட மறந்துபோனேன். திரும்பி வந்தால் குசினியில் மச்சாள், மடியில் என்ரை கேத்தில், கை முழுக்க மண்ணிறக் கரைசல். கையும் களவுமாய்ப் பிடிச்சிட்டன். மருந்து போட்டு என்ரை பிள்ளையை அழிக்கப் பாக்கிறா எண்டு கத்தினன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

மச்சாள் கேத்திலை நிலத்தில் வைத்தார். "பழப்புளி, பிள்ளை. உப்புக் கழரட்டும் எண்டு..."

இவர் ஓடி வந்தார். விஷயம் விளங்கியதும் ஒரு சட்டியை எடுத்து, என் கண் முன்னாலேயே பைப்பில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். வற்றும்வரை மூன்று பேரும் நின்றோம். சட்டியின் அடியில் அதே வெள்ளை.

"இந்தப் பைப்பிலை வாறது எங்கடை கிணத்துத் தண்ணி. கிணத்துக்குக் கீழை முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு. கொழும்பிலை நீங்கள் குடிச்சது ஆத்துத் தண்ணி. சவுக்காரம் நுரைக்காததும் உதாலைதான். புளி விட்டுக் கழுவாட்டில் கேத்தில் கம்பி எரிஞ்சுபோம். அதுதான் நீர் நித்திரை கொள்ளேக்கை அக்கா கழுவினவ."

"தொட்டது தெரிஞ்சா கோவிப்பாய் எண்டு நினைச்சன்" என்று மச்சாள் சொன்னார். பிறகு கை கழுவப் போய்விட்டார்.

கேட்டிருக்கலாம். முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெட்கமாக இருக்கிறது.

20.6.1984

மன்னிப்புக் கேட்டேன். "ஓம், ஓம். நான் ஒண்டும் நினைக்கேல்லை" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

8.7.1984, ஞாயிறு

மச்சாள் சமைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுகிறார். நான் சோறு போட்டு முடியும்வரை குசினிப் பக்கம் வருவதில்லை.

சிவக்கொழுந்து மருந்து போட்டுப் பிடிபட்டாளாம் என்று ஊர் முழுக்கக் கதை. என் வாயால் போனது. இவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீரைப் பற்றி விளங்கப்படுத்துகிறார். ஆர் கேட்கப்போகிறார்கள்? சுண்ணாம்புக்கல்லை விட இடுமருந்து ருசியான கதை.

4.10.1984, வியாழன்

கேத்தில் எரிந்துவிட்டது. அடி முழுக்க ஓடு கட்டி, உள்ளே கம்பி வெடித்துக் கிடந்தது. அன்றைக்குப் பிறகு மச்சாள் அதைத் தொடவில்லை. புளி கரைக்க எனக்கும் மனம் வரவில்லை.

23.1.1985, புதன்

ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்தோம். சண்டையும் சோதனையுமாகப் பாதை இருக்கிற நிலைமையில் அம்மாவால் வரமுடியவில்லை. பத்தியக் கறியிலிருந்து பிள்ளையின் துணி தோய்ப்பதுவரை எல்லாம் மச்சாள்தான். தேவைக்கு மேல் ஒரு சொல் கதைப்பதில்லை.

இன்று மத்தியானம் பிள்ளை வயிற்றுக்குத்தில் வீரிட்டு அழுதாள். குசினியில் ஓமம் அவியும் மணம் வந்தது. அழுகை கொஞ்சம் அடங்க, நானும் கண் அயர்ந்துவிட்டேன்.

"பிள்ளை, ஒருக்கா எழும்பு."

பதறிக்கொண்டு எழுந்தேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. கட்டிலடியில் மச்சாள், ஒரு கையில் கிண்ணம், மற்றக் கையில் கரண்டி. நான் நன்றாகக் கண் விழிக்கும்வரை நின்றார். பிறகு ஓமத் தண்ணீரில் கொஞ்சத்தை உள்ளங்கையில் விட்டுக் குடித்தார். விழுங்கிய பிறகும் சிறிது நேரம் அப்படியே நின்றார்.

"பாத்தனிதானே?"

"ஓம், மச்சாள்."

அதற்குப் பிறகுதான் கரண்டியைப் பிள்ளையின் வாயில் வைத்தார்.