குளிர் படாத தட்டில் கறுப்புக் கோடு

6 மே, திங்கள்
மழை இல்லை. டுரியான் துங்கால் அணையில் தரை தெரிகிறதாம். ஆய்வுக்கூடக் குழாயிலும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர்.
கடுகுக்கீரை நாற்று, இரண்டு தட்டு. ஒன்று குளிரறையில், மற்றது வெளியே கொட்டகையில். குளிர் பட்டால் விழிக்கும் மரபணு, எக்ஸ்ரே பிலிமில் கறுப்புக் கோடாக விழும். குளிரறைத் தட்டுக்கு விழுந்தது. சரி. வெளித் தட்டுக்கும் விழுந்திருக்கிறது! இந்த வெயிலில் ஏது குளிர்?
யாரோ என் தட்டைக் குளிரறையில் வைத்து எடுக்கிறார்கள்.

8 மே, புதன்
மறுபடி செய்தேன். மறுபடி கோடு. பல்வலி வேறு. கிராம்பு வாங்கணும்.
கொட்டகைக்குள் போவது நானும், தண்ணீர் ஊற்றும் சரோஜாக்காவும்தான்.
"அக்கா, தட்ட எங்கயாச்சும் மாத்தி வச்சீங்களா?"
"நான் ஏன்மா தொடப் போறேன்? என்னைச் சந்தேகப்படுறியா?"
நான் கேட்டது தட்டை. சந்தேகம் என்ற சொல் அவர் வாயில் ஏன் வந்தது?
ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பான டாக்டர்: "இன்னொரு தடவ இப்படி வந்தா வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்லா."
மாலை, குளிரறைக் கதவில் நூல் கட்டிவிட்டு வந்தேன்.

9 மே, வியாழன்
நூல் அறவில்லை. அவிழ்த்துத் திரும்பக் கட்டினாரோ? அவ்வளவு கெட்டிக்காரியா?

10 மே, வெள்ளி
சாப்பாட்டு நேரம். உர மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.
சரோஜாக்கா வந்தார். தட்டைத் தொடவே இல்லை. செடிக்கென்று பிடித்து வைத்த தண்ணீரை எண்ணெய் டின்னில் ஊற்றிப் பைக்குள் வைத்தார். நாற்றுக்குப் பேருக்கு ஒரு தெளிப்பு.
"அக்கா."
பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "புக்கிட் பெருவாங்ல எங்க வீட்டுப் பக்கம் சொட்டு இல்லம்மா. தண்ணி லாரி வந்தாலும் எங்ககிட்ட வர்றதுக்குள்ள தீர்ந்துடுது. மக பெத்து வந்திருக்கா. பச்சக் கொழந்தய எதுல குளிப்பாட்டுறது?"
வழி விட்டு நின்றேன்.
பிறகு புத்தகத்தைப் புரட்டினேன். காய்ந்தாலும் அதே மரபணு விழிக்குமாம். கீரைக்குக் குளிரும் தாகமும் ஏறக்குறைய ஒரே வேதனை.

11 மே, சனி
டாக்டர் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் தட்டு மண்ணை விரலால் கிளறினார்.
"காயப் போட்டிருக்காங்க. யார் தண்ணி ஊத்துனது?"
சரோஜாக்கா கதவருகே, துடைப்பத்தோடு.
"நான்தான் டாக்டர். இந்த வாரம் அக்காவ வேணாம்னு சொல்லிட்டு நானே ஊத்துனேன். பத்தல போல."
டாக்டர் என்னையே பார்த்தார். நம்பவில்லை.
"திங்கள்ல இருந்து நீ விதைக் கிடங்குக்குப் போ. இத வேற ஆள் பாக்கட்டும்."
சரி என்றேன். சரோஜாக்கா தலை நிமிரவில்லை. கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டிக்கொண்டிருந்தார்.