அண்டார்டிகாவில் ஒரு தட்டு மிச்சம்

என் ஜெனரேட்டர் ராஜா, மச்சான் காதருக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. நேற்று கூடுவாஞ்சேரியில் உன் வீட்டில் ஃபாத்திஹா ஓதினார்கள். பிரியாணியில் உப்பு கம்மி. வாயை மூடிக்கொண்டு தின்றேன். திட்ட நீ இல்லாத இடத்தில் குறை சொல்லி என்ன சுகம்?

நம்மோடு அண்டார்டிகா வந்த பழைய ஆட்கள் உனக்கு நினைவு மலர் போடுகிறார்கள். என்னையும் எழுதச் சொன்னார்கள். எட்டாவதோடு நின்ற கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஊரே படிக்கும் என்பதால் உன் குறட்டையைப் பற்றி எழுதவில்லை. வேறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முப்பது வருஷமாக உன்னிடம் ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

பனியை ஆராய அரசாங்கம் விஞ்ஞானிகளை அனுப்பியது. அவர்களுக்குச் சோறு போட என்னையும், விளக்கும் சூடும் நிற்காமல் பார்த்துக்கொள்ள உன்னையும் கூடவே அனுப்பியது. குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே வராது. மத்தியானச் சாப்பாடும் கும்மிருட்டில்தான். புயலடித்தால் அறைக்கு அறை கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

தலைக்கு ஒரு தட்டு அடுக்குவேன். மணி அடித்த பிறகு ஒரு தட்டு மிச்சம் நின்றால் ஓர் ஆள் வெளியே இருக்கிறான், உடனே தேடு. அங்கே அதுதான் சட்டம். அதிலும் விளையாடினேன் பார், அதுதான் என் புத்தி. வேண்டுமென்றே ஒரு தட்டு கூடுதலாக வைப்பேன். பெரிய படிப்பு படித்தவர்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் எண்ணிக்கொண்டு வெலவெலத்துப் போவார்கள். நீதான் முதலில் சிரிப்பாய்.

அந்தப் பனிப்புயல் அன்று நான் கூடுதலாக வைக்கவில்லை. ஆனாலும் ஒரு தட்டு நின்றது.

"சார், காதரைக் காணோம்" என்றேன்.

"யோவ் மாணிக்கம், இன்னிக்குமா?" என்று குழுத் தலைவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

"எங்கம்மா மேல ஆணை சார். இது விளையாட்டு இல்ல."

"நேத்தும் இதையேதான்யா சொன்ன!"

எல்லாரும் சிரித்தார்கள். அவர்களை நம்பவைத்து எழுப்புவதற்குள் கதவு திறந்தது. மீசையெல்லாம் பனியாக நீ நின்றாய். நேராக வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய்.

"ஜெனரேட்டர் ரூம்லேர்ந்து வரச்சொல்லோ கயிறு நழுவிப் போச்சு மச்சான். எந்தப் பக்கம் போறதுன்னே தெரியல. நீ மட்டும் வாக்கி டாக்கில கூப்டலைன்னா..."

"இன்னாடா சொல்ற?"

"கெழவன் மாரி குரலை மாத்திக்கினு, 'டேய் நில்லு, கயிறு எடது கை பக்கம் கீது, குனிஞ்சு தடவு, சோறு ஆறுது'ன்னியே! நடுவுல ரெண்டு தபா இருமல் வேற. சாவப் போற நேரத்துலயும் உனுக்கு குசும்பு."

என் வாக்கி டாக்கி பேட்டரி கழற்றி மாவு மூட்டை மேல் கிடந்தது. மற்ற எல்லாரும் மேசையில் இருந்தார்கள். நான் உன்னைக் கூப்பிடவே இல்லை, காதர்.

ஆனால் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தட்டு விளையாட்டால் உன்னைக் கொல்லப் பார்த்தவன் என்று நினைப்பதைவிட, காப்பாற்றியவன் என்று நினைக்கட்டுமே? "ஆமா, நான்தான்" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு பெருநாளுக்கும் உன் வீட்டு பிரியாணியில் முதல் பாத்திரம் எனக்கு வந்தது. எப்படித் தின்றாய் என்று கேட்காதே. நன்றாகத்தான் தின்றேன்.

இப்போது உன் மகள் நஸ்ரின் அதே இடத்தில் விஞ்ஞானியாக இருக்கிறாள். குளிர்காலத்தில் கப்பலும் கிடையாது, விமானமும் கிடையாது. உன் கடைசி முகத்தைக்கூடப் போனில்தான் பார்த்தாள். போன வாரம் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது.

"மாமா, செவ்வாக்கிழமை மத்தியானம் எங்க இருந்தீங்க?"

"திருநீர்மலை படிக்கட்டுல மூச்சு வாங்கிக்கினு குந்தியிருந்தேன். இன்னாம்மா?"

"புயல்ல கயித்தை விட்டுட்டேன் மாமா. சுத்தி ஒண்ணுமே தெரியல. வாக்கி டாக்கில ஒரு குரல். கயிறு எடது கை பக்கம் இருக்குன்னு சொல்லுச்சு. தமிழ்ல."

இந்த வருஷம் அங்கே தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"உங்க அத்தா குரலாம்மா?"

"இல்ல மாமா. உங்க குரல். நடுவுல ரெண்டு தடவை இருமினீங்க. சோறு ஆறுதுன்னீங்க."

டீ கையிலேயே ஆறிப்போனது. நீ சொன்ன கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டவள், பயத்தில் அது காதில் விழுந்திருக்கும் என்று மனதைத் தேற்றிப் பார்த்தேன். தேறவில்லை. ஏனென்றால் என்னுடைய இந்த இருமலை அவள் கேட்டதே இல்லை. அவள் கிளம்பிப் போன பிறகு, போன தை மாதம்தான் வந்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு என் மகளை மட்டும் தனியே கூப்பிட்டுப் பேசினார்.

நீ அன்று கேட்ட கிழட்டுக் குரல் இப்போதுதான் என் தொண்டைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அப்படியென்றால் நான் சொன்னது பொய்யா, மச்சான்? இல்லை, உன்னை இனிமேல்தான் கூப்பிட வேண்டுமா?

எதற்கும் இருக்கட்டும் என்று தினமும் குளிக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். 'டேய் நில்லு, கயிறு எடது கை பக்கம் கீது.' என் மகள் கதவைத் தட்டுகிறாள். "உள்ள யார்கிட்டப்பா பேசினுகீற?"

குழாயை வேகமாகத் திறந்துவிடுகிறேன்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக உன்னைக் கூப்பிடுகிறேன். அப்புறம் உன் மகளை. வலது கை என்று மாற்றிச் சொல்லி விளையாட மாட்டேன். இந்த ஒரு தடவை மட்டும் விளையாட மாட்டேன். எங்கம்மா மேல் ஆணை.

முதல் பாத்திரத்துக்கு இன்னும் வேலை செய்யாத உன் மச்சான்,
மாணிக்கம்
மேற்குத் தாம்பரம்